விருந்து யாருக்கு, இலை யாருக்கு? கறுப்பினக் கவிதைக் கூட்டங்களின் கதை

[திரையில்: ஒரு பழைய புகைப்படம். வழவழப்பான தரையில் இருவர் ஆடுகிறார்கள்.]

வணக்கம். இந்தப் படத்தில் ஆடுகிற அம்மாள் மாயா ஏஞ்சலோ. கூட ஆடுபவர் அமிரி பராக்கா. இருவருமே பேர்போன கவிஞர்கள். இடம் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் உள்ள ஷாம்பர்க் ஆய்வு நூலகம். வருஷம் 1991.

இப்போது அவர்கள் காலடியைப் பாருங்கள். தரையில் வட்டமாகக் கோலம் போட்டது போல ஒரு வேலைப்பாடு, அதன் ஊடாக ஓடும் ஆறுகள். அந்தத் தரைக்கு அடியில் லாங்ஸ்டன் ஹியூஸ் என்ற கவிஞரின் அஸ்தி இருக்கிறது. அதை அங்கே வைத்த விழாவில்தான் இந்த ஆட்டம்.

அஸ்தியின் மேல் ஆடுவதா என்று நமக்கு ஒரு கணம் திக்கென்றிருக்கும். ஹியூஸ் இருந்திருந்தால் தானும் எழுந்து ஆடியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். 1967-இல் அவர் இறந்தபோது இறுதி நிகழ்ச்சியில் ஜாஸ் இசைக்குழுவே வாசித்தது. அப்படித்தான் நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டுப் போன மனிதர் அவர்.

கவிஞர்களுக்குச் சிலை வைப்பார்கள், தெருவுக்குப் பெயர் வைப்பார்கள். இவரை மட்டும் ஆட்கள் வந்து போகும் தரைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கறுப்பின இலக்கியம் புத்தகக் கடையில் வளர்ந்ததைவிடக் கூட்டங்களில் வளர்ந்ததுதான் அதிகம் என்பது தெரிந்தால், அந்தத் தரை ஏன் என்பதும் புரியும்.

ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குவோம்.

[திரையில்: ஃப்ளோரிடா மாநில வரைபடம், ஜாக்சன்வில் நகரம்.]

1900, பிப்ரவரி 12. ஆபிரகாம் லிங்கன் பிறந்தநாள். ஜாக்சன்வில் நகரத்தில் கறுப்பினப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் தலைமை ஆசிரியர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன், விழாவுக்காக ஒரு பாட்டு எழுதுகிறார். அவர் தம்பி ரோசமண்ட் மெட்டுப் போடுகிறார். 500 பிள்ளைகள் சேர்ந்து பாடுகிறார்கள். விழா முடிந்தது, அவ்வளவுதான். அண்ணனும் தம்பியும் நியூயார்க் பக்கம் போய்விட்டார்கள், பாட்டையும் மறந்துவிட்டார்கள்.

பிள்ளைகள் மறக்கவில்லை. அவர்கள் வேறு பள்ளிகளுக்குப் போனார்கள், சிலர் வாத்தியார்களாகி மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இருபது வருஷத்தில் தென் மாநிலங்கள் முழுக்க அந்தப் பாட்டு பரவிவிட்டது. இன்றைக்கு அதைக் கறுப்பின மக்களின் தேசிய கீதம் என்றே சொல்கிறார்கள். எழுதியவர் மறந்த பாட்டைக் கூட்டம் காப்பாற்றியிருக்கிறது. ஜான்சனே இதைப் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்.

இவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார். இன்னும் இரண்டு ஜான்சன்கள் வரப் போகிறார்கள். ஆள் வேறு வேறு, குழம்ப வேண்டாம்.

[திரையில்: நியூயார்க், 1924.]

சரி, இப்போது ஒரு விருந்து. 1924, மார்ச் 21, மன்ஹாட்டனில் சிவிக் கிளப். கறுப்பர், வெள்ளையர், ஆண், பெண் என்று பார்க்காமல் எல்லோரையும் உள்ளே விட்ட இடம். அந்தக் கால நியூயார்க்கில் இது அபூர்வம்.

விருந்துக்குக் காரணம் ஒரு நாவல். எழுதியவர் ஜெஸ்ஸி ஃபாசெட். கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கியவர். அப்படியிருந்தும் கறுப்பினப் பெண் என்பதால் வளர்ந்த ஊரான ஃபிலடெல்ஃபியாவில் ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. அப்புறம் 'கிரைசிஸ்' என்ற கறுப்பினப் பத்திரிகையின் இலக்கிய ஆசிரியர் ஆனார். நாம் முதலில் பார்த்தோமே, லாங்ஸ்டன் ஹியூஸ்? பள்ளிப் படிப்பை முடித்த கையோடு ரயிலில் மிசிசிப்பி ஆற்றைக் கடக்கும்போது, ஒரு கடித உறையின் பின்பக்கம் ஆறுகளைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். 1921-இல் அதை வாங்கி அச்சேற்றியவர் ஃபாசெட்தான். அந்தத் தரையில் ஓடும் ஆறுகள் அந்தக் கவிதையிலிருந்து வந்தவை.

நாவல் வந்ததைக் கொண்டாட நண்பர்கள் நினைத்தது சின்னக் கூட்டம்தான். 'ஆப்பர்சுனிட்டி' என்ற இன்னொரு பத்திரிகையின் ஆசிரியர் சார்லஸ் ஜான்சன், இவர் இரண்டாவது ஜான்சன், இதைப் பெரிதாகச் செய்யலாம் என்று இறங்கினார். வெள்ளையரான பதிப்பாளர்கள், பத்திரிகை ஆசிரியர்கள் எல்லோருக்கும் அழைப்பு போனது. ஏறக்குறைய 110 பேர் வந்தார்கள். காரணம் எளிது. கறுப்பின எழுத்தாளர்களிடம் கையெழுத்துப் பிரதிகள் இருந்தன, அச்சகத்தின் சாவி வேறு ஆட்களிடம் இருந்தது. இரண்டு தரப்பையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துச் சோறு போட்டால் காரியம் நடக்கும் என்று ஜான்சன் கணக்குப் போட்டார்.

நடந்தது. கௌன்டி கல்லன் என்ற இளைஞர் கவிதை வாசித்தார். க்வென்டலின் பெனட் என்ற கவிஞர், ஃபாசெட்டுக்கென்றே எழுதிய கவிதையை வாசித்தார். கேட்டுக்கொண்டிருந்த பால் கெலாக் என்ற ஆசிரியர், தன் பத்திரிகையின் ஓர் இதழையே உங்களுக்குத் தருகிறேன் என்று முன்வந்தார். அது 1925 மார்ச்சில் ஹார்லெம் சிறப்பிதழாக வெளிவந்தது. அதே வருஷம் அது விரிந்து ஒரு பெரிய தொகைநூல் ஆனது. ஹார்லெம் மறுமலர்ச்சி என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் காலத்தின் அடையாள நூல் அதுதான்.

ஆனால் ஃபாசெட்? அன்றைக்கு மேடையை நடத்தியவர் அலைன் லாக் என்ற பேராசிரியர். பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக எழுந்து கறுப்பின இலக்கியத்தின் எதிர்காலத்தைப் பேசினார்கள். நாவலாசிரியைக்குக் கடைசியில் நன்றி சொல்லக் கொஞ்சம் நேரம் கிடைத்தது. கல்யாணப் பெண்ணுக்கே இலை போட மறந்த பந்தி! சிறப்பிதழும் தொகைநூலும் லாக்கின் கைக்குப் போயின. அந்த விருந்து உனக்காக வைத்ததே இல்லை என்ற பேச்சு வேறு வந்தது. சுமார் பத்து வருஷம் கழித்து ஃபாசெட் லாக்குக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் காயம் ஆறாமல் அப்படியே இருக்கிறது.

அந்தக் காலக் கூட்டங்களைப் புரட்டினால் இதே சங்கதி திரும்பத் திரும்ப வருகிறது. வீட்டைத் திறந்துவிட்டது பெண்கள், பெயர் வாங்கியது பெரும்பாலும் ஆண்கள்.

[திரையில்: வாஷிங்டன், எஸ் தெரு.]

மூன்றாவது ஜான்சன், ஜார்ஜியா டக்ளஸ் ஜான்சன். கவிஞர், நாடகமும் எழுதுவார். 1925-இல் கணவர் இறந்துவிட, இரண்டு மகன்களைப் படிக்க வைக்க அரசு அலுவலகத்தில் வேலைக்குப் போனார். எழுத நேரமே இல்லை என்று புலம்பிக்கொண்டேயிருந்தார். ஆனாலும் சனிக்கிழமை ராத்திரி அவர் வீட்டுக் கதவு திறந்திருக்கும். ஹியூஸ் வருவார், லாக் வருவார், எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன் வருவார். எழுதியதை வாசிப்பார்கள், சண்டை போடுவார்கள், சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்த வீட்டுக்கு அவர் வைத்த பெயர் 'பாதிவழி வீடு'. ஹார்லெமிலும் இப்படி ஒரு வீடு உண்டு. நூலகத்தில் வேலை பார்த்த ரெஜினா ஆண்டர்சன் என்பவர் வீட்டு சோபா, ஊருக்குப் புதிதாக வந்த எழுத்தாளர்கள் பலருக்குப் படுக்கையாக இருந்திருக்கிறது.

பணக்கார வீடும் ஒன்று இருந்தது. அலீலியா வாக்கர், கூந்தல் பொருட்கள் விற்று லட்சக்கணக்கில் சம்பாதித்த மேடம் சி. ஜே. வாக்கரின் மகள். 1927-இல் தன் மாளிகையின் ஒரு பகுதியைக் கவிஞர்களுக்காகத் திறந்தார். பெயர் 'இருண்ட கோபுரம்'. சுவரில் ஒரு பக்கம் கல்லனின் கவிதை, மறுபக்கம் ஹியூஸின் கவிதை. எல்லாம் அழகுதான். ஆனால் அங்கே காப்பி விலையைப் பார்த்துவிட்டு ஏழைக் கவிஞர்கள் தயங்கி நின்றார்களாம். அலீலியாவின் விருந்துகளைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். வெள்ளை விருந்தாளிகளுக்குப் பன்றிக்குடல் வறுவலும் கள்ளச்சாராயமும், கறுப்பு விருந்தாளிகளுக்கு ஷாம்பெயினும் உயர்ந்த மீன்முட்டையும். நிஜமோ கட்டுக்கதையோ, சொன்னவர்கள் ரசித்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். அந்த மாளிகை இருந்த இடத்தில் இன்று கல்லன் பெயரில் ஒரு பொது நூலகம் இருக்கிறது.

[திரையில்: சின்னச் சின்ன அச்சிட்ட அட்டைகள்.]

என்னைக் கேட்டால், இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது வாடகை விருந்துதான். ஹார்லெமில் கறுப்பினக் குடும்பங்களிடம் வீட்டுக்காரர்கள் அநியாய வாடகை வாங்கினார்கள். மாசக் கடைசியில் கை கடிக்கும்போது வீட்டுச் சாமான்களை ஓரங்கட்டிவிட்டு, பியானோ வாசிக்க ஓர் ஆளைப் பிடித்து, வாசலில் சில்லறை வாங்கிக்கொண்டு ஆட்களை உள்ளே விடுவார்கள். அதற்கு அழைப்பு அட்டை அச்சடிப்பார்கள். அட்டையின் தலைப்பில் எதுகை மோனையோடு இரண்டு வரி இருக்கும். யார் எழுதியது என்று தெரியாது. ஹியூஸ் அந்த அட்டைகளைச் சேகரித்து வைத்தார். கவிதைக்குப் பரிசு வாங்கிய ஒருவர், வாடகைக்காக எழுதிய இரண்டு வரியையும் பத்திரப்படுத்தியிருக்கிறார், பாருங்கள்.

பரிசு என்றதும் ஞாபகம் வருகிறது. 1925, மே 1-இல் 'ஆப்பர்சுனிட்டி' நடத்திய பரிசளிப்பு விருந்தில் ஹியூஸின் கவிதைக்கு முதல் பரிசு. அதை மேடையில் வாசித்தவர் நம் ஜாக்சன்வில் ஜான்சன். ஜோரா நீல் ஹர்ஸ்டனுக்குச் சிறுகதைக்கும் நாடகத்துக்கும் இரண்டாம் பரிசுகள். விருந்துக்குப் பிறகு நடந்த கூட்டத்தில் அவர் கழுத்துத் துணியைச் சுழற்றி வீசி, தன் நாடகத்தின் பெயரைக் கத்திக்கொண்டே நுழைந்தார் என்று சொல்வார்கள்.

[திரையில்: தேவாலயம். அப்புறம் ஒரு சிறிய மேடை, ஒரு மைக்.]

இந்தக் கூட்டங்களில் கவிதையை எப்படிக் கேட்பார்கள்? வாயை மூடிக்கொண்டு அல்ல. கறுப்பினத் தேவாலயத்தில் போதகர் ஒரு வரி சொல்லி நிறுத்துவார். அந்த இடைவெளியில் சபை 'ஆமென்' என்கும், 'சொல்லுங்க, சொல்லுங்க' என்கும், 'ம்ம்' என்று உறுமும். அடுத்த வரி அந்தச் சத்தத்தின் மேல் ஏறி வரும். கேள்வியும் பதிலுமாகப் போகிற இந்தப் பழக்கம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, பருத்திக்காட்டு வேலைப் பாட்டில் வாழ்ந்து, தேவாலயம் வழியாகக் கவிதை மேடைக்கு வந்தது. அதனால்தான் இந்தக் கவிதைகள் சிலதைப் புத்தகத்தில் படித்தால் ஒரே வரி மூன்று தடவை வருகிறதே என்று சலிப்பாக இருக்கும். மூன்று தடவைக்கு நடுவில் இரண்டு தடவை கூட்டம் பேசுகிறது. அச்சில் அந்தக் குரல் விழுவதில்லை.

1960-களில் இது இன்னும் தெருவுக்கு இறங்கியது. க்வென்டலின் ப்ரூக்ஸ் 1950-இல் புலிட்சர் பரிசு வாங்கியவர், அந்தப் பரிசை வாங்கிய முதல் கறுப்பினத்தவர். அவரே சிகாகோவின் இளம் கவிஞர்களோடு மதுக்கடைக்குள் நுழைந்து, குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கவிதை வாசித்திருக்கிறார். 1968, மே 19, கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸின் பிறந்தநாள். ஹார்லெம் பூங்கா ஒன்றில் சில இளைஞர்கள் முரசுத் தாளத்தோடு கவிதை சொன்னார்கள். 'லாஸ்ட் போயட்ஸ்' என்ற அந்தக் குழுவை ராப் இசையின் முன்னோடி என்கிறார்கள்.

[திரையில்: மிசிசிப்பி மாநிலம், ஜாக்சன் நகரம்.]

இப்போது மிசிசிப்பிக்குப் போவோம். 1970 மே மாதம், ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியில் மாணவிகள் விடுதியை நோக்கிப் போலீஸ் சுட்டதில் இரண்டு இளைஞர்கள் செத்துப்போனார்கள். அதே கல்லூரியில் மூன்று வருஷம் கழித்து, 1973 நவம்பரில், மார்கரெட் வாக்கர் ஒரு கவிதை விழா எடுத்தார். அவர் அங்கே பேராசிரியர், தானும் பெரிய கவிஞர். விழா ஃபிலிஸ் வீட்லியின் பெயரில்.

வீட்லி யார்? ஏழெட்டு வயதில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தி வரப்பட்டு, 1761-இல் பாஸ்டனில் விற்கப்பட்ட குழந்தை. முன்பற்கள் விழுந்திருந்ததை வைத்துத்தான் வயதையே கணித்தார்கள். ஃபிலிஸ் என்பது அவளை ஏற்றி வந்த கப்பலின் பெயர். வளர்ந்து கவிதை எழுதினாள், அதைப் புத்தகமாகப் போடப் பாஸ்டனில் யாரும் முன்வரவில்லை. 1773-இல் லண்டனில் புத்தகம் வந்தபோது முன்பக்கத்தில் பாஸ்டன் பெரிய மனிதர்கள் 18 பேர், இதை எழுதியது இவள்தான் என்று உறுதி சொல்லிப் போட்ட கையெழுத்து இருந்தது. பதினோரு வருஷம் கழித்து, 1784-இல் வறுமையில் இறந்தாள். தாமஸ் ஜெஃபர்சன் அவள் கவிதை விமர்சிக்கக்கூடத் தகுதியற்றது என்று எழுதினார். அப்புறம், வெள்ளை எஜமானர்களைப் போல எழுதினாள் என்று கறுப்பின விமர்சகர்களும் அவளைக் கரித்துக் கொட்டினார்கள். இரண்டு பக்கமும் இடி.

அந்தப் புத்தகத்துக்கு 200 வயது ஆனதைத்தான் மார்கரெட் வாக்கர் கொண்டாடினார். நிக்கி ஜியோவானி, சோனியா சான்செஸ், ஆட்ரி லார்ட், லூசில் கிளிஃப்டன், ஜூன் ஜோர்டன், ஆலிஸ் வாக்கர் என்று இருபதுக்கு மேற்பட்ட கறுப்பினப் பெண் எழுத்தாளர்கள் நான்கு நாள் ஒரே வளாகத்தில் இருந்தார்கள். சிற்பி எலிசபெத் கேட்லெட், வீட்லிக்கு ஒரு வெண்கலச் சிலை செய்து கொடுத்தார். அன்று வந்தவர்களில் பலர் அப்போது அவ்வளவாகப் பெயர் எடுக்காதவர்கள். அடுத்த இருபது வருஷத்து அமெரிக்க இலக்கியம் அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தது என்று சொன்னால் மிகையில்லை. இந்த முறை எழுதியது இவள்தானா என்று கேட்டுக் கையெழுத்து வாங்க யாரும் வரவில்லை.

[திரையில்: வர்ஜீனியா, 1994.]

கடைசியாக ஒன்று. 1994-இல் ஜோயன் கேபின் என்ற பேராசிரியர் வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தில் கறுப்பினக் கவிதைக்கென்றே ஒரு மாநாடு கூட்டினார். பெயர் 'ஃப்யூரியஸ் ஃப்ளவர்', சீற்றம் கொண்ட மலர். ப்ரூக்ஸின் ஒரு வரியிலிருந்து எடுத்தது, அவருக்கே சமர்ப்பித்த கூட்டம். ப்ரூக்ஸுக்கு அப்போது 77 வயது. அவர் நேரில் வந்திருந்தார், தன் பெயரில் போட்ட பந்தியில் தானே முதல் இலையில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு ஒரு தடவை கூடுகிறார்கள். 2004, 2014, 2024. அந்தக் கணக்குப்படி அடுத்த பந்தி 2034-இல்.