தரிசு என்று எழுதிய கை

(ஊர்க் கோயில்காட்டைப் பராமரிக்கும் தொண்டர்களின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் வனத்துறை, வருவாய்த்துறை அலுவலர் பெருமக்களே, ஐந்து தலைமுறையாக அய்யனாருக்கு விளக்குப் போடும் குடும்பத்தில் வந்த பூசாரி அய்யா அவர்களே, மாணவர்களை வேன் பிடித்து அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, மேடையில் நாற்காலி போதாமல் முதல் வரிசையில் பெருந்தன்மையோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே, கதவோரம் நின்றுகொண்டிருக்கும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் மன்னிக்க வேண்டும். போன வருடம் ஒருவரை விட்டுவிட்டேன், பொங்கல் வரை அவர் என்னோடு பேசவில்லை.

எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள், நன்றி. இன்று மேடையில் மொத்தம் ஒன்பது பொன்னாடை. எண்ணிவிட்டேன். அடுத்த வருடம் அந்தக் காசுக்குத் தோல் கையுறையும் இரண்டு கடப்பாரையும் வாங்கித் தாருங்கள், தோளில் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிறேன்.

மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். ஒன்று, சீமைக் கருவேலம். இரண்டு, கோயிலைச் சுற்றிக் கொட்டுகிற கான்கிரீட். மூன்று, நிலப் பதிவேடு. மூன்றாவதுதான் என் தொழில். நான் முப்பத்தைந்து வருடம் சர்வேயராக இருந்தவன்.

முதலில் ஒரு சங்கதி. வெளியூர்க்காரர்கள் நம் காட்டைப் பார்த்துவிட்டு, “இது என்னங்க, புதர் மாதிரி இருக்கு” என்கிறார்கள். காடு என்றால் அவர்களுக்குக் கொடைக்கானல்தான். நம் காட்டில் முப்பது, நாற்பது அடிக்கு மேல் மரம் கிடையாது. ஆனால் இது உலர் பசுமைமாறாக் காடு. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே வருடம் முழுக்க உயிர்வாழ்ந்து, கத்தரி வெயிலிலும் இலையைக் கொட்டாமல் நிற்கிற காடு. வீரை மரத்தின் இலையை ஒடித்துப் பாருங்கள், செருப்புத் தோல் மாதிரி இருக்கும். தண்ணீரை விடாமல் பிடித்துவைக்கிற இலை அது. நாம் காசான் என்று சொல்கிற செடியில் நீலமாகப் பூ அப்பிக்கொண்டு நிற்குமே, பெருமாளின் நிறத்துக்குச் சொல்கிற காயாம்பூ அதுதான். விசாகப்பட்டினத்திலிருந்து ராமநாதபுரம் வரை கடற்கரையை ஒட்டி விரிந்திருந்த காடு இது. இன்று அய்யனாரும் அம்மனும் பிடித்துவைத்த இடங்களில்தான் பெரும்பாலும் மிச்சம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு நிற்கிறதே, அது இந்த வகைதான்.

1968இல் புதுச்சேரி அருகே ஆரோவில் நகரம் தொடங்கியபோது அந்த மேட்டுநிலம் மண் அரித்து, செம்மண் பள்ளங்களாகக் கிடந்தது. இன்று அங்கே காடு. இந்த மண்ணுக்குரிய மரங்களுக்கு விதை வேண்டியபோது, சுற்றுவட்டாரக் கோயில்காடுகளில் பொறுக்கித்தான் கொண்டுபோனார்கள். ஆக நாம் பார்த்துக்கொள்வது விதைக் களஞ்சியம். மாவட்டத்துக்கே வட்டிக்கு விடலாம்.

இப்போது சீமைக் கருவேலம். “காடு கெட ஆடு விடு” என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். ஆடு கொழுந்தைக் கடிக்கும், அதைத்தான் சொன்னார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். விஷயம் அதோடு நிற்கவில்லை. ஆட்டுக்குச் சீமைக் கருவேல நெற்று என்றால் உயிர். தித்திக்கும். நெற்று செரித்துவிடும், விதை செரிக்காது. புழுக்கையோடு காட்டுக்குள் விழுந்து, எருவோடு சேர்ந்தே முளைக்கும். பழமொழி சொன்னவர் காலத்தில் சீமைக் கருவேலமே இந்த நாட்டில் இல்லை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கொண்டுவந்தார்கள். அந்தப் பெரியவர் வராத வியாதிக்கும் சேர்த்து மருந்து எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மழை விட்ட மறுநாள் நம் பிள்ளைகள் செய்வதைப் பாருங்கள். கன்று ஒரு சாண் இருக்கும்போதே, மண் ஈரமாக இருக்கையில், அடித்தண்டைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். ஆணிவேர் முழுசாக வரும்போது ‘சொளக்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் வேர் அறுந்துவிட்டது, அடுத்த மாதம் திரும்ப வர வேண்டும். பெரிய மரத்தை வெட்டினால் போதாது, மண்ணுக்குக் கீழே வேர்க்கழுத்தோடு தோண்டாவிட்டால் நாலு கிளையாகத் துளிர்க்கும். போன ஐப்பசியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி முள் குத்திய விரலை வாயில் வைத்துக்கொண்டே மறு கையால் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பேர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள், சொல்லவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். பலருக்குத் தெரிந்த கதைதான், புதிதாக வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம். யூ.டி.ஆர். என்று நில ஆவணங்களையெல்லாம் புதுப்பித்துக்கொண்டிருந்த காலம். எனக்கு இருபத்து நாலு வயசு, புதுப் பேண்ட், தினம் பாலிஷ் போட்ட ஷூ. இதே காட்டை அளக்க வந்தேன். கூட, அளவுச் சங்கிலி பிடிக்கும் செயின்மேன் ஒருவர். காட்டு முகப்பில் இப்போதைய பூசாரி அய்யாவின் தகப்பனார் உட்கார்ந்திருந்தார். “தம்பி, செருப்பக் கழட்டிட்டுப் போங்க” என்றார். “அய்யா, இது செருப்பு இல்ல, ஷூ” என்றேன். பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு ஆத்தா உலக்கையை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தது. ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே போனால் கொடியும் முள்ளுமாகப் பின்னிக் கிடக்கிறது. சங்கிலியை இழுக்க இடமில்லை. “சார், அந்தக் கிளையக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சா நேர்கோடு கிடைக்கும்” என்றார் செயின்மேன். தூக்கிப் பிடித்தேன். இலைகளை ஒட்டித் தைத்து முசுறு எறும்பு கூடு கட்டியிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? கூடு பிய்ந்து நேரே சட்டைக் காலருக்குள் விழுந்தது. அய்யா, முசுறு கடித்தவர்களுக்குத்தான் தெரியும். கடித்த இடத்தில் விடாது, தலை தனியாக வந்தாலும் வாய் விடாது. சட்டையைக் கழற்றினேன். பேண்டுக்குள்ளும் போய்விட்டது. அப்புறம் நடந்ததை இந்த அவையில் விவரிக்க முடியாது. நான் எப்படி வெளியே வந்தேன் என்றால், கையில் சட்டை, காலில் ஒரே ஒரு ஷூ. ஆத்தா இடித்த வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு கேட்டது: “என்ன அப்பு, நீங்க காட்ட அளந்தீகளா, அய்யனாரு உங்கள அளந்தாரா?”

கூடியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவமானம். ரோஷம். திரும்ப உள்ளே போகவில்லை. ஓரத்தை மட்டும் அளந்துவிட்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, குறிப்பில் எழுதினேன்: ‘முள்புதர், தரிசு’. அவ்வளவுதான். அப்படியே அது வருவாய்த்துறையின் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் ஏறியது. இன்றைக்கும் கணினியில் எடுத்துப் பாருங்கள், அதே சொல். வீரை இல்லை, காசான் இல்லை, அய்யனார்கூட இல்லை.

காடு கெட ஆடு விடு என்றார்கள். ஆடு மெதுவாகத்தான் கெடுக்கும். நான் ஒரே நிமிடத்தில், மூன்றே எழுத்தில் கெடுத்தேன். நிலம் தரிசு என்றால் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரு முறை குப்பைக் கிடங்குக்குக் கேட்டார்கள். ஒரு முறை கட்டடம் கட்ட. இரண்டு முறையும் ஊர் கூடித் தடுத்தது. எத்தனை முறை தடுப்பீர்கள்? கேட்கிறவர் கையில் நான் எழுதிக் கொடுத்த காகிதம் இருக்கிறதே. அப்போது அளக்க வந்த இளம் சர்வேயர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. காட்டைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்க்கிறார், நான் காட்டைப் பார்த்தும் பார்க்காதவன்.

கான்கிரீட் பற்றிச் சொல்கிறேன் என்றேன். நன்கொடை கொடுத்தவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள், தலைவரும் கடிகாரத்தைப் பார்க்கிறார். அது இன்னொரு நாள். டைல்ஸ் போட்ட தரையில் வீரை விதை முளைக்காது என்பதை மட்டும் காதில் போட்டுவைக்கிறேன்.

வழி இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் காசம்பட்டியில் வீரகோயில் காடு, ஐந்து ஹெக்டேர்கூட முழுசாக இல்லை, 4.97தான். 2025இல் அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. அதற்கு முன் 2022இல் மதுரை அரிட்டாபட்டி. 2002ஆம் வருடத்துப் பல்லுயிர்ச் சட்டத்தில் 37ஆவது பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. உள்ளாட்சியைக் கலந்துகொண்டு மாநில அரசு அறிவிக்கலாம். ராஜஸ்தான் கோயில்காடுகள் வழக்கில் 2024 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம், அங்கே உள்ளவற்றை அளந்து வரைபடமாக்கச் சொன்னதோடு, நாடு முழுமைக்கும் கொள்கை வகுக்கும்படியும் மத்திய அரசுக்குச் சொல்லியிருக்கிறது. காசம்பட்டிக்குக் கிடைத்தது நமக்கு ஏன் கிடைக்கக் கூடாது? வனத்துறை அய்யா தலையை ஆட்டுகிறார். ஆமாம் என்றா, பேச்சை முடி என்றா தெரியவில்லை.

வாசலில் மேசை போட்டிருக்கிறோம். அதில் இரண்டு காகிதம். ஒன்று, அடுத்த கிராம சபைக்கான தீர்மான நகல்: ஊரின் செடிகொடி, உயிரினங்களைக் குறித்துவைக்கும் பல்லுயிர்ப் பதிவேட்டில் நம் காட்டைச் சேர்க்கவும், பாரம்பரியத் தலமாக அறிவிக்கக் கோரவும். இன்னொன்று வட்டாட்சியருக்கு மனு: புல எண்ணைச் சொல்லி, ‘தரிசு’ என்பதை நீக்கிக் ‘கோயில்காடு’ என்று குறிக்கக் கோரி. முதல் கையெழுத்து நான் போட்டுவிட்டேன், தப்பாக எழுதியவன் என்ற முறையில். வயதானவர்கள் வரிசையில் நிற்க வேண்டாம், பிள்ளைகள் உட்கார்ந்த இடத்துக்கே கொண்டுவருவார்கள். சுக்குக் காப்பி அதே மேசையில்தான், கையெழுத்துப் போட்டபிறகு.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் காட்டு முகப்பில் சந்திப்போம். முழுக்கைச் சட்டை போட்டு வாருங்கள், செருப்பை வெளியே விடுங்கள். கிளையைத் தூக்குமுன் மேலே ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். வணக்கம்.