தையல் இல்லாத ஸ்வெட்டர்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் ஸ்வெட்டர் போடுகிறவர்கள் குறைவு. பின்னுகிறவர்கள் அப்படியொன்றும் குறைவில்லை. நங்கநல்லூரிலும் மேற்கு மாம்பலத்திலும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மின்விசிறிக்குக் கீழே நூலும் ஊசியுமாக உட்காருகிற பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். பையன் டொராண்டோவில் இருப்பான், மாப்பிள்ளை பெங்களூரில் இருப்பார். மார்கழி விடியற்காலையில் மங்கி கேப் போட்டுக்கொண்டு பூங்காவைச் சுற்றுகிற தாத்தாவும் உண்டு. ஆனால் குழந்தைக்கு அரைக்கை ஸ்வெட்டர் பின்னுகிற அதே கை, வளர்ந்த ஆணுக்கு என்றதும் தயங்குகிறது. பின்னல் கஷ்டம் என்பதால் இல்லை. முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை என்று நான்கு துண்டும் முடிந்த பிறகு, அவற்றைச் சேர்த்துத் தைக்க வேண்டுமே! பல வீடுகளில் ஸ்வெட்டர் பீரோவுக்குள் போய்ப் படுத்துக்கொள்வது அந்தக் கட்டத்தில்தான்.

அந்தக் கட்டமே வேண்டாம் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. உடம்பை ஒரு குழாயாகவும் கைகளை இரண்டு சிறு குழாய்களாகவும் பின்னி, அக்குளில் மூன்றையும் ஒரே ஊசியில் ஏற்றி, கழுத்து வரை சுற்றிச் சுற்றிப் பின்னிவிடலாம். இதற்கு வட்ட ஊசி வேண்டும். இரண்டு ஊசிமுனைகளை ஒரு வயர் இணைத்திருக்கும், அதுதான். வட்டமாகப் பின்னும்போது நல்ல பக்கம் எப்போதும் நம்மைப் பார்த்தே இருக்கிறது. அதனால் பார்டரைத் தவிர அநேகமாக மற்ற இடமெல்லாம் ப்ளெயின் என்கிற நேர்ப் பின்னல் மட்டும்தான், பர்ல் என்கிற எதிர்ப் பின்னல் கிடையாது. டி.வி. பார்த்துக்கொண்டே பின்னலாம்.

இது புது வித்தையும் இல்லை. பிரிட்டிஷ் கடலோர மீனவர்களின் கான்சி ஸ்வெட்டர்கள் இப்படித்தான் சுற்றிப் பின்னப்பட்டன. இந்த முறைக்கு ஒரு கணக்கு வகுத்துக் கொடுத்தவர் எலிசபெத் சிம்மர்மன். 1910-இல் இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவின் விஸ்கான்சினில் குடியேறி, 1999-இல் மறைந்தவர். தொலைக்காட்சியில் பின்னல் சொல்லிக்கொடுத்தவர். ஊசியில் நிற்கிற ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி. அவருடைய கணக்கில் மார்புச் சுற்றின் கண்ணிகள்தான் 100 சதவீதம். மணிக்கட்டுக்கு அதில் 20, மேல்கைக்கு 33, அக்குளுக்கு 8, கழுத்துக்கு 40 சதவீதம். இந்த நான்கு எண்ணும் மனசில் இருந்தால் போதும், பேட்டர்ன் புத்தகம் தேட வேண்டியதில்லை.

பேப்பர் பென்சில் பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவு. ஸ்வெட்டர் போடப்போகிறவரை நிற்கவைத்து டேப் சுற்றாதீர்கள். ஆண்கள் டேப்பைப் பார்த்ததும் வயிற்றை உள்ளே இழுத்து மார்பை விரிப்பார்கள், வருவது பொய்க் கணக்கு. அவர் விரும்பிப் போடுகிற பழைய ஸ்வெட்டர் ஒன்றைத் தரையில் விரித்து, அக்குளுக்குக் கீழே குறுக்காக அளந்து பாருங்கள். 20 அங்குலம் வந்தால் சுற்றளவு 40. வெளிநாட்டில் இருக்கிற பையனிடம் இதை வாட்ஸாப்பில் கேட்டாலே போதும். கூடவே கை நீளமும், இடுப்பிலிருந்து அக்குள் வரை உள்ள நீளமும்.

அடுத்தது மாதிரி, அதாவது அங்குலத்துக்கு எத்தனை கண்ணி விழுகிறது என்று கொஞ்சம் பின்னிப் பார்ப்பது. இங்கேதான் பொறுமை வேண்டும். ஊசி வாங்கும்போது நம்பரைப் பார்த்து வாங்குங்கள். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் நம்பர்தான். அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். நம்முடைய 8-ஆம் நம்பர் 4 மில்லிமீட்டர், அமெரிக்க 8-ஆம் நம்பர் 5 மில்லிமீட்டர். யூடியூபில் ஒரு அமெரிக்கப் பெண்மணி 8 என்கிறாரே என்று இங்கே 8 வாங்கினால் துணி பலகை மாதிரி விறைத்துக்கொள்ளும். மில்லிமீட்டரைக் கேட்டு வாங்குவதே நல்லது. நம் ஊர்ப் புழுக்கத்தில் விரல் வியர்த்து நூல் உலோக ஊசியில் ஒட்டும். மூங்கில் ஊசியில் அந்தத் தொல்லை குறைவு.

மாதிரித் துண்டைத் தட்டையாகப் பின்னிப் பார்த்துவிட்டு ஸ்வெட்டரைச் சுற்றிப் பின்னினால் கணக்கு இடிக்கும். தட்டையாகப் பின்னினால் வரிசை விட்டு வரிசை பர்ல் வரும், பலருக்கும் அந்த பர்ல் வரிசை கொஞ்சம் தளர்ந்தே வரும். சுற்றிப் பின்னும்போது பர்லே கிடையாது. ஆகவே மாதிரியையும் சுற்றியே பின்ன வேண்டும். சிம்மர்மன் ஒரு தொப்பி பின்னிப் பாருங்கள் என்பார். நான் நேராக ஒரு கையையே பின்னத் தொடங்கிவிடச் சொல்வேன். அளவு சரியாக வந்தால் ஒரு கை முடிந்த மாதிரி, வராவிட்டால் ஒரு கைதான் பிரிக்க வேண்டும். எதற்கு இவ்வளவு கண்டிப்பு என்றால், அங்குலத்துக்கு 5 கண்ணி என்று நம்பி 200 கண்ணி போட்டு, உண்மையில் ஐந்தரை விழுந்தால் 40 அங்குல ஸ்வெட்டர் 36 ஆகிவிடும். நாலரை விழுந்தால் 44. அரைக் கண்ணி செய்கிற வேலை இது.

சரி, 5 கண்ணியே வருகிறது, 7 சுற்றுக்கு ஒரு அங்குலம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கட்டுக்கு 40 கண்ணி. 3 அங்குலம் பார்டர், இரண்டு ப்ளெயின் இரண்டு பர்ல். அதற்குமேல் 7 சுற்றுக்கு ஒரு முறை 2 கண்ணி கூட்டுங்கள். 13 முறை கூட்டினால் 66, அதாவது 33 சதவீதம். கையின் முழு நீளம் வரும்வரை நேராகப் போய் நிறுத்துங்கள். இரண்டாவது கையும் அப்படியே. சின்னச் சுற்றுக்கு, இரு பக்கமும் முனையுள்ள குட்டை ஊசிகளான சாக்ஸ் ஊசிகள் வசதி.

உடம்புக்கு 200 கண்ணி. முதல் சுற்றை இணைக்கும் முன் ஊசியைத் தரையில் வைத்து, போட்ட கண்ணிகள் எங்கும் முறுக்கிக்கொள்ளாமல் உள்பக்கமாகவே பார்க்கின்றனவா என்று ஒரு முறை பாருங்கள். முறுக்கோடு இணைத்துவிட்டால் எத்தனை சுற்றுப் பின்னினாலும் அந்த முறுக்கு போகாது, பிரிப்பதைத் தவிர வழியில்லை. பார்த்தாயிற்றா? இனி அக்குள் வரை ஏறிக்கொண்டே போக வேண்டியதுதான்.

அக்குளில் உடம்பின் இரு பக்கமும் 16, 16 கண்ணி. ஒவ்வொரு கையிலும் 16 கண்ணி. இவற்றை வேறு நிற நூலில் கோத்து ஒதுக்கி வையுங்கள். மீதியை ஒரே ஊசியில் ஏற்றினால் உடம்பு 168, கைகள் 50, 50, ஆக 268. உடம்பும் கையும் சேருகிற நான்கு இடத்திலும் ஒரு அடையாளம் மாட்டி, ஒவ்வொன்றின் இரு பக்கமும் ஒரு கண்ணி குறைத்தால் ஒரு சுற்றுக்கு 8 குறையும். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று குறைப்பதுதான் வழக்கம். ஆண்களுக்கு அப்படிச் செய்தால் அக்குள் பிடிக்கும் என்பது என் கட்சி. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கை தூக்கினால் ஸ்வெட்டர் முழுக்க மேலே ஏறும். அதனால் முதல் ஒன்றரை அங்குலம் குறைக்காமலே பின்னுங்கள். பிறகு முதல் 6 தடவை மூன்று சுற்றுக்கு ஒரு முறையும், அடுத்த 17 தடவை இரண்டு சுற்றுக்கு ஒரு முறையும் குறையுங்கள். உயரம் 9 அங்குலத்தை ஒட்டி வரும், ஊசியில் 84 கண்ணி நிற்கும்.

இங்கே அவசரப்பட்டுக் கழுத்துப் பார்டருக்குப் போய்விடக் கூடாது. இப்போதைக்கு முன்னும் பின்னும் ஒரே உயரம். அப்படியே முடித்தால் முன்கழுத்து தொண்டையை அழுத்தும், அவர் நாள் முழுக்க அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருப்பார். பின்கழுத்துக் கண்ணிகளில் மட்டும் பாதிச் சுற்று போய்த் திரும்பி, அடுத்த தடவை இரண்டு மூன்று கண்ணி முன்னதாகவே திரும்பி, இப்படிப் பின்பக்கத்தை ஒரு அங்குலம் உயர்த்துங்கள். இந்த இடத்தில் பர்ல் வந்துதான் தீரும். பிறகு முழுச் சுற்றில் இன்னும் 4 குறைத்தால் 80, அதுதான் 40 சதவீதம். ஒரு அங்குலப் பார்டர். கண்ணி அடைக்கும்போது ஒரு பெரிய ஊசியை எடுத்துக்கொண்டு தளர்வாக அடையுங்கள். கழுத்து 16 அங்குலம்தான், தலையோ 22, 23 அங்குலம் இருக்கும். பார்டர் விரிந்து கொடுத்தால்தான் தலை நுழையும்.

ஒதுக்கி வைத்த அக்குள் கண்ணிகளை எதிரெதிராக வைத்துக் கம்பளி ஊசியால் கோத்துவிடுங்கள். முழு ஸ்வெட்டரிலும் தையல் என்றால் அந்த இரண்டு இடம்தான்.

ஒரு குறை சொல்லாமல் விடக் கூடாது. கீழிருந்து பின்னிய கையை மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து சுலபமாகப் பிரிக்க முடியாது. பின்னல் அடைத்த முனையிலிருந்துதான் சரசரவென்று பிரியும், போட்ட முனையிலிருந்து பிரியாது. அந்த மீனவக் குடும்பங்கள் இதை யோசித்திருக்கிறார்கள். உடம்பை முடித்துவிட்டு, தோளிலிருந்து கண்ணி எடுத்துக் கையைக் கீழ்நோக்கிப் பின்னினார்கள். முழங்கையோ மணிக்கட்டோ தேய்ந்தால் அது வரை பிரித்து மறுபடி பின்னிவிடலாம். முழங்கையை மேஜையில் ஊன்றி நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் பார்க்கிற பையன்களுக்கு அடுத்த ஸ்வெட்டரை அந்த வழியில் பின்னிப் பாருங்கள்.

நூலைப் பற்றி ஒரு வார்த்தை. 40 அங்குலத்துக்கு 600, 700 கிராம் வரை பிடிக்கும். ஒரே லாட் நம்பராக, அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட நூலாகப் பார்த்து எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் நெஞ்சுக்குக் குறுக்கே நிறம் மாறிக் கோடு தெரியும். பாரிமுனையில் கிடைப்பதில் நிறைய அக்ரிலிக்தான். பெங்களூருக்கு அது போதும், அந்துப்பூச்சியும் தொடாது. டொராண்டோவுக்கு என்றால் கொஞ்சம் செலவு செய்து நிஜக் கம்பளி வாங்குங்கள். ஒரு உருண்டை கூடுதலாக வாங்கி, பின்னாளில் ஒக்கிட வேப்பிலையோடு எடுத்து வையுங்கள். பார்சலில் சேர்த்து அனுப்பிவிடாதீர்கள், பையன் தொலைத்துவிடுவான்.

நன்றி, வணக்கம்.