விழுந்த பழம் யாருக்கு?

நேயர்களுக்கு வணக்கம். பிரெஞ்சுச் சட்டம் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். சட்டம் என்றதும் ரேடியோவை நிறுத்தப் போனவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நான் ஆரம்பிக்கப் போவது செர்ரிப் பழத்திலிருந்து.

பல வருடங்களுக்கு முன்னால் பிரான்சில் ஒரு சின்ன ஊரில், ஒரு பாட்டியம்மா வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். பக்கத்து வீட்டுச் செர்ரி மரத்தின் கிளை ஒன்று மதிலைத் தாண்டி எங்கள் தோட்டத்துக்குள் நீண்டிருக்கும். ஜூன் மாதம், கிளை கொள்ளாத பழம். மதில் தாண்டி வந்துவிட்டால் நமக்குத்தானே? ஒருநாள் காலையில் கிளையை வளைத்து நாலு பழம் பறித்துவிட்டேன். "தம்பி, கையை எடு!" என்று கத்திக்கொண்டே பாட்டியம்மா இறங்கி வந்தார். கையில் செங்கல் கனத்தில் சிவப்பு அட்டைப் புத்தகம். அவருடைய வீட்டுக்காரர் நோட்டரி ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்து காலமானவர். அவர் விட்டுப்போன சொத்து அது. சிவில் சட்டத்தொகுப்பு.

673ஆம் பிரிவைத் திறந்து காட்டினார். பக்கத்து வீட்டுக் கிளை உன் நிலத்துக்குள் வந்தால், வெட்டச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்தலாம். நீயாக வெட்டக் கூடாது. வேர் வந்தால், எல்லைவரை நீயே வெட்டிக்கொள்ளலாம். பழம்? தானாக விழுந்தால் உன்னுடையது. தானாக என்பதைக் கவனியுங்கள். பறித்தால் இல்லை. உலுக்கினாலும் இல்லை. அதற்கப்புறம் நானும் பாட்டியம்மாவும் தினமும் கூடையோடு உட்கார்ந்து, காற்று அடிக்காதா என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

இந்தப் புத்தகம் நடைமுறைக்கு வந்தது 1804 மார்ச்சில், நெப்போலியன் காலத்தில். அதற்கு முன் பிரான்சில் ஊருக்கு ஒரு வழக்கம். வண்டிக்குக் குதிரை மாற்றுவதுபோல வழிநெடுகச் சட்டமும் மாறுகிறது என்று பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் கேலி செய்திருக்கிறார். நாலு சட்ட அறிஞர்கள் உட்கார்ந்து வரைவு எழுதினார்கள். 2,281 பிரிவுகளாக வெளிவந்தது. 1810க்குள் வணிகம், குற்றம் என்று இன்னும் நான்கு தொகுப்புகள். இன்றைக்கு எழுபதுக்கும் மேல். வேலைக்கு ஒன்று, சாலைக்கு ஒன்று, நுகர்வோருக்கு, சுற்றுச்சூழலுக்கு, விளையாட்டுக்கு, சுற்றுலாவுக்குக்கூட ஒன்று. அஞ்சறைப் பெட்டி மாதிரி.

பிரிவு எண்ணுக்கு முன்னால் ஒரு எழுத்து இருந்தால் அதையும் பாருங்கள். எல் என்றால் பாராளுமன்றம் போட்டது. ஆர் என்றால் அரசு ஆணை. தொழிலாளர் தொகுப்பில் ஆர் 4228-19 என்று ஒரு பிரிவு: வேலை செய்யும் இடத்தில் உட்கார்ந்து ஊழியர்கள் சாப்பிட முதலாளி அனுமதிக்கக் கூடாது. கொரோனா வந்தது. சாப்பாட்டு அறையில் கூட்டம் கூடக் கூடாது, மேசையிலும் சாப்பிடக் கூடாது, பாவம் எங்கேதான் போவார்கள்? 2021 பிப்ரவரியில் ஓர் ஆணை போட்டுத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். பாராளுமன்றம் வரை போக வேண்டியிருக்கவில்லை. ஆர் அல்லவா!

அப்புறம் சேவல். இதைச் சொல்லாமல் விடமாட்டேன். ஒலெரோன் தீவில் மொரிஸ் என்று ஒரு சேவல். விடியற்காலையில் கூவுகிறது என்று, பக்கத்தில் விடுமுறைக்கு வந்து தங்குகிறவர்கள் வழக்குப் போட்டார்கள். 2019இல் ரோஷ்ஃபோர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்து, சேவல் வைத்திருந்த அம்மாவுக்கு ஆயிரம் யூரோ இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. 2021 ஜனவரியில் சுற்றுச்சூழல் தொகுப்பையே திருத்திவிட்டார்கள்: நாட்டின் பொதுச் சொத்தில் இயற்கை இடங்களுக்கே உரிய ஒலியும் வாசனையும் சேர்த்தி. இந்த முறை எல். பாராளுமன்றமே போட்டது.

இதை வைத்து எழுதியதெல்லாம் நியாயம் என்று நினைத்துவிடாதீர்கள். அதே சிவில் தொகுப்பின் 213ஆம் பிரிவு, மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று 1804இல் எழுதிவைத்தது. அந்த வரி போனது 1938இல். கணவன் சம்மதம் இல்லாமல் மனைவி தன் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிளைக்கும் வேருக்கும் அவ்வளவு நுணுக்கம் பார்த்த புத்தகம், பாருங்கள். பாட்டியம்மாவிடம் இதைக் கேட்டேன். அந்தப் பக்கத்தை அவர் எனக்குக் காட்டவே இல்லை.

கண்ணாடிக்கு அப்பால் நிலைய நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். புதுச்சேரிக்கு வரவே இல்லையே நான்! சரி, ஓட்டமாகச் சொல்கிறேன். 1819இல் இந்தத் தொகுப்புகள் அங்கேயும் வந்தன. ஆனால் குடும்ப விஷயங்களில் நம்மவர்களுக்கு அவரவர் வழக்கம்தான். 1881இல் ஓர் ஆணை: விரும்பியவர்கள் அந்த வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வரலாம், குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ளலாம். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, லப்போர்த் ஆனது அப்படித்தான். ஷூ போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போவதற்காக அவர் போராடியது தனிக் கதை, அதற்கே அரை மணி நேரம் வேண்டும். இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.