பாதி திறந்த கதவு

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

சபையில் பல வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்த நண்பர் ஒருவர், நான் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக நாலு பேரிடம் பேசிவிட்டார். பேச்சுவார்த்தை நின்றது. இரண்டு வருடம் கழித்து ஒரு மாலை, அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கதவைப் பாதிதான் திறந்தேன். தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை. 'இவர் அப்படிப்பட்ட ஆள்தான்' என்று எனக்குள் எப்போதோ தீர்ப்பு எழுதி முடித்திருந்தேன். ஒரே ஒரு செயலைப் பிடித்துக்கொண்டு ஆளையே முடித்துவிடுகிறோமே, அதைத்தான் ஆண்டவர் வேண்டாம் என்கிறார்.

பைபிளில் மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் இயேசுவின் சீடர் பேதுரு, "ஏழுதரமட்டுமோ?" என்று மன்னிப்புக்குக் கணக்குக் கேட்கிறார். பதிலாக இயேசு ஒரு கதை சொல்கிறார். ராஜாவிடம் 10,000 தாலந்து கடன்பட்டவன் மன்னிக்கப்படுகிறான். வெளியே வந்ததும், தனக்கு 100 வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் தொண்டையை நெரிக்கிறான்.

அந்த நூறு பணத்தை அற்பக் கடன் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் ஒரு பணம் ஒரு நாள் கூலி. நூறு நாள் உழைப்பு சின்னதா? நமக்கு வந்த காயம் பொய்யில்லை என்று ஆண்டவருக்குத் தெரியும். ஆனால் ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 பணம். அப்படியென்றால் முதல் கடன் 6 கோடி நாள் கூலி! எத்தனை தலைமுறை உழைத்தாலும் தீராது. இரண்டு பேரும் கெஞ்சியது ஒரே வார்த்தையில்தான்: "என்னிடத்தில் பொறுமையாயிரும்." சற்றுமுன் தன் வாயிலிருந்து வந்த வார்த்தையே அவன் காதில் விழவில்லை.

இரக்கம் என்று குற்றத்தை மூடி மறைக்கச் சொல்லவில்லை. அடிபடுகிறவரை அடிப்பவரிடமே அனுப்புவதும் இரக்கம் ஆகாது.

அப்புறம் அதே பேதுரு, ஆண்டவரையே தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தார். கணக்குக் கேட்டவர் இப்போது கடன்காரர். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். "ஏன் அப்படிச் செய்தாய்?" என்று கேட்கவில்லை. முதலில், "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்கிறார். "என்னை நேசிக்கிறாயா?" என்ற கேள்வி சாப்பிட்ட பிறகுதான் வருகிறது. யோவான் 21-ஆம் அதிகாரத்தில் இந்த வரிசையைக் கவனிக்க எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

அன்று வாசலில் எனக்கு அந்தக் கரிநெருப்புதான் நினைவுக்கு வந்தது. கதவை முழுக்கத் திறந்து, "உள்ளே வாங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் தலையசைத்தார், குரல் வரவில்லை. நடந்ததைப் பற்றி அன்றிரவு வெகுநேரம் பேசினோம். எனக்கு வலித்தது என்பதையும் சொன்னேன். அந்த வலி இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அவர் மறுபடி என் பக்கத்தில்தான் உட்காருகிறார்.