நல்ல பெண் டீனி

நேயர்களுக்கு வணக்கம். 1961-இல் வெளிவந்த 'ஸ்ப்ளெண்டர் இன் தி கிராஸ்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். எலியா கசான் இயக்கிய இப்படத்தின் திரைக்கதைக்காக ஆஸ்கர் விருது பெற்ற வில்லியம் இஞ்ச், கான்சாஸ் மாநிலச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். அந்த வட்டாரமே இக்கதையின் களம்.

கதை 1928-இல் தொடங்குகிறது. மளிகைக் கடைக்காரரின் மகள் டீனியும், எண்ணெய்க் கிணறுகளால் செல்வந்தரானவரின் மகன் 'பட்' என்பவனும் உயிருக்குயிராய் நேசிக்கிறார்கள். பண்ணை வைத்து டீனியோடு வாழ்ந்தால் போதும் என்பது பட்டின் ஆசை. அவன் தந்தையோ, யேல் பல்கலைக்கழகப் படிப்பு முடிந்த பிறகுதான் கல்யாணம் என்று அடித்துச் சொல்வதோடு, அதுவரைக்கும் 'வேறு மாதிரி' பெண்ணொருத்தியைத் தேடிக்கொள்ளும்படி மகனுக்கு யோசனையும் கூறுகிறார். ஆணுக்கு இப்படி வழிவிடுகிற அதே ஊரில், உடல் சார்ந்த ஆசை நல்ல பெண்களுக்கு வருவதே இல்லை என்று டீனியின் தாய் அவளுக்குப் போதிக்கிறார். அந்தத் தாய் கொடுமைக்காரி அல்லர். மணவாழ்க்கையைக் கடமையாக மட்டுமே அறிந்தவர். மகள் மீதுள்ள அக்கறையினாலேயே அவளை மூச்சுத் திணற வைக்கிறார் என்பதுதான் இப்படத்தில் என்னை மிகவும் வருத்துவது.

பட் விலகிப்போன பின், குளியல் தொட்டியில் கிடக்கும் டீனியிடம், அவன் அவளைக் கெடுத்துவிட்டானா என்று தாய் கேட்கும் இடத்தைக் கவனியுங்கள். தான் கெட்டுப்போகவில்லை, சொன்னபடி கேட்கும் நல்ல பெண்ணாகவே இருப்பதாக டீனி அலறுகிறாள். கீழ்ப்படிந்ததையே குற்றச்சாட்டாகத் திருப்பிவிடும் அந்தக் குரலில், டீனியாக வரும் நட்டாலி வுட்டின் நடிப்பு உச்சம் தொடுகிறது.

டீனி மனநல மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறாள். செலவுக்காகப் பெற்றோர் எண்ணெய்ப் பங்குகளை விற்றுவிடுவதால் 1929-இன் பங்குச் சந்தைச் சரிவிலிருந்து தப்புகிறார்கள். பட்டின் தந்தையோ அந்தச் சரிவில் எல்லாம் இழந்து உயிரை மாய்த்துக்கொள்கிறார்.

குணமாகி வீடு திரும்பும் டீனி, பட் எங்கே இருக்கிறான் என்று கேட்கிறாள். தாய் மழுப்புகிறார். படம் நெடுகிலும் அதிகம் பேசாத தந்தை, அவன் பழைய பண்ணையில் இருப்பதாக மறைக்காமல் சொல்லிவிடுகிறார். மணமாகிக் குழந்தையோடு வாழும் பட்டை அவள் நேரில் கண்டு விடைபெறும் இறுதிக் காட்சியைப் பலரும் போற்றுவார்கள். அதற்கு வழிதிறந்த தந்தையின் அந்த ஒரு பதிலையும், அதைக் கேட்ட மகள் அவரை முத்தமிடுவதையும் நான் அதற்குச் சமமாகவே மதிக்கிறேன்.