லினக்ஸுக்கு வைஃபை அடாப்டர்: பெட்டிக்குள் என்ன சிப்?

[திரை: சிம் லிம் ஸ்குவேர் கடை. கம்பியில் தொங்கும் அடாப்டர் பெட்டிகள்]

வணக்கம். சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேரில் எந்தக் கணினிக் கடைக்குப் போனாலும் யுஎஸ்பி வைஃபை அடாப்டர்கள் வரிசையாகத் தொங்கும். வேகமும் ஆண்டெனாவும் பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் இருக்கும். லினக்ஸ் பயன்படுத்துபவருக்கு முதலில் தெரிய வேண்டிய தகவல் மட்டும் பெரும்பாலும் இருக்காது. உள்ளே இருக்கும் சிப் எது?

அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருந்தால், செருகியதும் இணைப்பு கிடைத்துவிடும். இல்லையென்றால் யாரோ எழுதிவைத்த டிரைவரைப் பதிவிறக்கி, கம்பைல் செய்து, அதாவது நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றி, நிறுவ வேண்டும். கெர்னல் புதுப்பிக்கப்படும்போது அது நின்றுபோகலாம். நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பமில்லாத டிரைவர் ஏறவே ஏறாது. இணையத்துக்காக வாங்கிய பொருளை இயக்கவே இணையம் தேவைப்படும் என்பதுதான் கொடுமை.

[திரை: அடாப்டரின் பின்புற ஸ்டிக்கர். பதிப்பு எண் மட்டும் பெரிதாகிறது]

மாடல் பெயரையும் நம்பிவிடாதீர்கள். டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யுஎன்722என் அடாப்டரின் முதல் பதிப்பில் ஏதெராஸ் ஏஆர்9271 சிப் இருந்தது. லினக்ஸில் அருமையாக ஓடும். இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சிப் வந்துவிட்டது. மாடல் பெயர் மாறவே இல்லை!

அதற்காகப் பழைய முதல் பதிப்பைத் தேடி அலையச் சொல்ல மாட்டேன். அது 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். வீவக அடுக்குமாடி புளோக்கில் மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீடு என அத்தனை ரௌட்டர்களும் முட்டிமோதும் அலைவரிசை அது. 5 கிகாஹெர்ட்ஸ் கட்டாயம் வேண்டும்.

என் பரிந்துரை மீடியாடெக் நிறுவனத்தின் சிப்கள். வைஃபை 5 போதுமென்றால் எம்டி7612யூ, கெர்னல் 4.19 முதலே ஆதரவு உண்டு. வைஃபை 6 வேண்டுமென்றால் எம்டி7921ஏயூ. ஆனால் அதற்குக் கெர்னல் 5.18 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 22.04 முதலில் வெளிவந்தபோது அதிலிருந்தது கெர்னல் 5.15. ஆகவே கடைக்குக் கிளம்பும் முன் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் ‘யுநேம் -ஆர்’ (uname -r) கொடுத்து உங்கள் கெர்னல் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரியல்டெக்கை அடியோடு ஒதுக்கவும் தேவையில்லை. ஆர்டிஎல்8822பியூ போன்ற சிப்களுக்கு 6.2 முதல் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது.

[திரை: டெர்மினல். ‘எல்எஸ்யுஎஸ்பி’ தரும் பட்டியல்]

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? செருகிவிட்டு ‘எல்எஸ்யுஎஸ்பி’ (lsusb) கொடுங்கள். அடையாள எண் 0இ8டி (0e8d) என்று தொடங்கினால் மீடியாடெக், 0பிடிஏ (0bda) என்றால் ரியல்டெக். சில அடாப்டர்கள் வைஃபையாகத் தெரியாமல், விண்டோஸ் டிரைவர் அடங்கிய சிறு வட்டாகத் தெரியும். பதற வேண்டாம். அந்த வட்டை இஜெக்ட் செய்தால் பெரும்பாலும் அடாப்டர் வெளிப்பட்டுவிடும்.

கடைக்காரருக்குச் சிப் எண் தெரியவில்லையென்றால் மடிக்கணினியைக் கொண்டுபோய் அங்கேயே செருகிப் பார்க்க அனுமதி கேளுங்கள். முடியாதென்றால், இயங்காவிட்டால் மாற்றித் தருவோம் என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.