சோப்பு மாத்திரையும் நூறு பவுன் விளம்பரமும்

(தலைப்பு: விக்டோரியா மகாராணி காலத்து நோயாளியைப் பெரிதும் ஏமாற்றியது நிபுணரின் பட்டமா, பாட்டில் மருந்தின் விளம்பரமா? 'விளம்பரமே' அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். வணக்கத்தைச் சுருக்கிக்கொள்கிறேன். என்னிடம் இருக்கும் கதை நீளமானது.

1891, லண்டன். ஊரெல்லாம் இன்ஃபுளுயன்சா. பத்திரிகையைத் திறந்தால் 'கார்பாலிக் ஸ்மோக் பால்' என்று ஒரு விளம்பரம். அது என்ன? ஒரு ரப்பர் பந்து, அதில் ஒரு குழாய். பந்துக்குள் கார்பாலிக் அமிலப் பொடி. பழைய ஆஸ்பத்திரி வராந்தாவில் நுழைந்ததும் ஒரு வாடை அடிக்குமே, அதே சரக்குதான். குழாயை மூக்கில் சொருகிப் பந்தை அமுக்க வேண்டும். பொடி புஸ்ஸென்று மேலே ஏறும், மூக்கு தாரை தாரையாக ஒழுகும். விலை 10 ஷில்லிங். ஒழுகுகிற மூக்குக்கு மருந்து, ஒழுக வைக்கிற பந்து!

விளம்பரத்தில் என்ன போட்டிருந்தான்? "தினம் மூன்று வேளை, இரண்டு வாரம், எங்கள் பந்தைச் சொன்னபடி உபயோகித்த பிறகும் இன்ஃபுளுயன்சா வந்தால் 100 பவுன் தருகிறோம். எங்கள் வார்த்தைக்கு அடையாளமாக அலையன்ஸ் வங்கியில் 1000 பவுன் கட்டியிருக்கிறோம்." இதை லூயிசா கார்லில் என்ற அம்மா நம்பினார். நவம்பர் 20-ஆம் தேதி ஒரு பந்து வாங்கினார். தினம் மூன்று வேளை. நீங்களும் நானும் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையையே காய்ச்சல் விட்டதும் மறந்துவிடுவோம். அந்தம்மா மறக்கவில்லை. நவம்பர் முடிந்தது, டிசம்பர் முடிந்தது. கிறிஸ்துமஸ் விருந்துக்கு நடுவிலும் எழுந்து போய் அமுக்கியிருப்பார் என்றே நினைக்கிறேன். ஜனவரி 17. காய்ச்சல் வந்தே விட்டது.

வேறு வீடாக இருந்தால் கஷாயம் வைத்துக் குடித்துவிட்டுப் படுத்திருப்பார்கள். இங்கேதான் கம்பெனிக்குச் சனி பிடித்தது. அந்தம்மாவின் கணவர் சட்டம் படித்தவர்! கடிதம் எழுதினார், பதில் இல்லை. மறுபடி எழுதினார், பதில் இல்லை. மூன்றாவது கடிதத்துக்கு வந்தது பதில். "மோசடிக்காரர்கள் உண்டு. ஆகவே உங்கள் மனைவி தினமும் எங்கள் ஆபீசுக்கு வந்து, செயலாளர் மேற்பார்வையில் பந்தை உபயோகிக்க வேண்டும்."

நடுவர் அவர்களே, இதை இன்னொரு தடவை சொல்லாமல் என்னால் நகர முடியாது. காலையில் குதிரை வண்டி பிடித்து ஆபீசுக்கு வர வேண்டும். செயலாளர் எதிரில் நின்று, புஸ். மத்தியானம் மறுபடி வண்டி, மறுபடி புஸ். சாயங்காலம் புஸ். அந்தச் செயலாளரின் உத்தியோகத்தை நினைத்துப் பாருங்கள். ராத்திரி வீட்டில் மனைவி கேட்கிறாள், "ஏங்க, இன்றைக்கு ஆபீசில் என்ன வேலை?" "மூன்று வேளையும் ஒரு அம்மாவின் மூக்கைப் பார்த்தேன்." அதற்குப் பிறகு அந்த வீட்டில் சாப்பாடு கிடைத்திருக்குமா?

வழக்கு கோர்ட்டுக்குப் போனது. கம்பெனி பக்கம் முதலில் வாதாடியவர் யார் தெரியுமா? அஸ்குவித், பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமர். கம்பெனியின் வாதம் என்ன? "இது வெறும் விளம்பர அளப்பு, இதைப் போய் ஒப்பந்தம் என்று யாராவது எடுத்துக்கொள்வார்களா?" எதிரணி நண்பர்களே, விளம்பரம் போட்டவனே கோர்ட்டில் நின்று "என் விளம்பரத்தை நம்பாதே" என்கிறான். எங்கள் அணிக்கு வேறு சாட்சி வேண்டுமா? 1892 டிசம்பரில் அப்பீல் கோர்ட் சொல்லிவிட்டது: வங்கியில் 1000 பவுன் கட்டினேன் என்று சொன்னவன் விளையாட்டுக்குச் சொன்னேன் என்று நழுவ முடியாது, பணத்தைக் கொடு. இன்றைக்கும் நம்ம ஊர் சட்டக் கல்லூரியில் ஒப்பந்தச் சட்டம் படிக்கிற பிள்ளைகள் இந்தப் பந்தைத் தாண்டாமல் பரீட்சை எழுத முடியாது.

பந்து வியாபாரி ரோ அத்தோடு ஓய்ந்தாரா? அடுத்த விளம்பரத்தில் பரிசை 200 பவுனாக்கினார். கூடவே ஒரு வரி: "ஆயிரக்கணக்கில் பந்து விற்றோம், மூன்றே மூன்று பேர்தான் பரிசு கேட்டார்கள். மருந்து பலிக்கிறது என்பதற்கு இதைவிட நிரூபணம் உண்டா?" தோற்ற வழக்கையே விளம்பரமாக்கினான் ஐயா! கார்லில் அம்மா 96 வயது வரை இருந்து 1942-இல் காலமானார். டாக்டர் முதுமை என்று எழுதினார், கூட இன்னொரு காரணமும் எழுதினார்: இன்ஃபுளுயன்சா.

சரி, எதிரணிப் பேராசிரியை அம்மாவிடம் வருகிறேன். எங்கள் அணித் தலைவர் பீச்சம் மாத்திரையில் சோப்பு இருந்தது என்று சொன்னதற்கு அவர் என்ன சொன்னார்? "சோப்பு தின்று செத்தவன் ஒருவனைக் காட்டுங்கள். சோப்பைக் கண்டால் இவர்கள் இப்படிப் பயப்படுவதைப் பார்த்தால், குளிக்கிறார்களா என்றே சந்தேகமாக இருக்கிறது." நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். அம்மா, நாங்கள் குளிக்கிறோம். வெளியே குளிக்கிறோம். வயிற்றுக்குள் சோப்புப் போட்டுக் குளிக்கும் வழக்கம் எங்கள் பரம்பரையில் இல்லை.

அந்த மாத்திரையைப் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் பிரித்துப் பார்த்து 1909-இல் புத்தகமாகவே போட்டது. உள்ளே இருந்தது மூசாம்பரம், இஞ்சி, சோப்பு. மூசாம்பரம் நம்ம நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற கற்றாழைச் சரக்கு, பேதிக்குக் கொடுப்பது. 56 மாத்திரை கொண்ட பெட்டி ஒரு ஷில்லிங் ஒன்றரை பென்ஸ், அதாவது பதின்மூன்றரை பென்ஸ். உள்ளே இருந்த சரக்கின் விலை அரை ஃபார்திங். ஒரு பென்ஸுக்கு நாலு ஃபார்திங். கணக்குப் போட்டுப் பாருங்கள், 108 மடங்கு! அப்படியும் பெட்டி மேல் "ஒரு கினி பெறும்", அதாவது 21 ஷில்லிங் பெறும் என்று அச்சடித்தான். அந்த ஒன்றரை பென்ஸ் எதற்கு? அரசாங்கத்தின் மருந்து முத்திரை வரி. பெட்டியில் சர்க்கார் முத்திரை ஒட்டியிருப்பதைப் பார்த்த ஏழை, மகாராணியே பரிசோதித்து அனுப்பியதாக நினைத்தான். ராணி வாங்கியது வரி மட்டும்.

என்னென்ன தீரும் என்று ஒரு பட்டியல் கொடுத்தான்: தலைவலி, மயக்கம், மூச்சுத் திணறல், மலச்சிக்கல், பசியின்மை, அப்புறம் பயங்கரக் கனவு. இதில் ஒன்று மட்டும் உண்மை, ஒத்துக்கொள்கிறேன். பேதி மாத்திரை போட்டவனுக்குப் பயங்கரக் கனவு வராது. ராத்திரி தூங்கினால்தானே கனவு வரும்!

எதிரணி மொரெல் மெக்கன்சியை இழுத்தார்கள். ஜெர்மானிய இளவரசர் ஃபிரெடரிக்கின் தொண்டையைப் பார்த்த லண்டன் நிபுணர். விர்ஷோ என்ற ஜெர்மன் நோயியல் நிபுணர் செய்த திசுச் சோதனையில் புற்று தெரியவில்லை என்பதை நம்பி, அறுவை வேண்டாம் என்றார். இளவரசர் 1888-இல் பேரரசராகி 99 நாளில் இறந்தார். பெரிய தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் ஜெர்மன் டாக்டர்கள் அறிக்கை போட்டுக் கிழித்தார்கள், இவர் பதிலுக்குப் புத்தகம் எழுதினார், சொந்த ஊர் சர்ஜன் சங்கமே இவரைக் கண்டித்தது. பட்டம் வைத்திருந்தவனைக் கேள்வி கேட்க ஆள் இருந்தது. பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்றே சொல்லாதவனை யார் கேட்பது?

"காலிஸ் பிரவுன் டாக்டர்தானே, அவரே குளோரோடைன் விற்றாரே" என்றும் ஒரு கேள்வி. உண்மை. இந்தியாவில் ராணுவ டாக்டராக இருந்து, காலராவுக்கென்று அபின், கஞ்சா, குளோரோஃபாரம் மூன்றையும் கலந்தவர். வைத்தியம் பார்த்தவரை எங்கள் கட்சி. பாட்டிலில் அடைத்து விற்றதும் உங்கள் கட்சிக்கு மாறிவிட்டார். கட்சி மாறியவர் செய்ததற்குப் பழைய கட்சியா பொறுப்பு? தமிழ்நாட்டில் நின்றுகொண்டு இதைக் கேட்கலாமா?

இனி சிரிக்க ஒன்றும் வைத்திருக்கவில்லை. அம்மா சோப்பில் செத்தவனைக் கேட்டார். சிரப்பில் செத்தவர்களைச் சொல்கிறேன். மான்செஸ்டரிலும் நாட்டிங்ஹாமிலும் விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பும் தாய், கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டுக் கிழவியிடம் விட்டுப் போவாள். பிள்ளைகள் அழாமல் இருக்கக் கிழவி காட்ஃப்ரே கார்டியல் கொடுப்பாள். இனிப்புப் பாகில் கரைத்த அபின். வசதியான வீட்டில் மிஸஸ் வின்ஸ்லோ சிரப், அதில் மார்ஃபின். பாட்டில் மேல் தாயும் பிள்ளையுமாக அழகான படம்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்போம். இந்த மருந்து பிள்ளையை அழவே விடவில்லை. பசித்தும் அழாமல் தூங்கிய பிள்ளைகள் எலும்பும் தோலுமாக இளைத்தார்கள். 1911-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் வின்ஸ்லோ சிரப்பைக் 'குழந்தைக் கொல்லி' என்ற தலைப்பின் கீழ் சேர்த்தது. அந்த சிரப் கடைக்கு வந்தது 1849-இல். இடையில் எத்தனை தொட்டில்!

டாக்டர் கொடுத்த மருந்தில் பிள்ளை போயிருந்தால் டாக்டரைச் சபிக்கலாம். இதைத் தன் கையால், தன் கரண்டியால், வாயைத் துடைத்துவிட்டு ஊற்றியவள் யாரைச் சபிப்பாள்? நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள், கேட்கிறது. எங்கள் அணிக்குத் தோல்வி கொடுத்தாலும் பரவாயில்லை. அவள் கொன்றவள் இல்லை, ஏமாந்தவள் என்று உங்கள் தீர்ப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வணக்கம்.